எதிராளி கையால் அளந்த புடலங்காய்

1958 ஜூன் 9, திங்கள்

விதைக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து மோர்ப்பானைக்கு மூடியாகக் கிடந்தது. வீணாய்ப் போகக் கூடாது என்று இன்று எடுத்துத் துடைத்தேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செண்பகவல்லி எழுதுகிறாள். சொன்னதை மட்டும்தான் எழுதவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (மாமா டைரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்.)

என்ன எழுதினாய் என்று கேட்டேன். வாசித்துக் காட்டினாள். இருக்கட்டும்.

கொல்லையில் புடலை பந்தலேறிவிட்டது. அடுத்த தெருவில் தையல்காரர் அருமைநாயகத்தின் கொடியும் ஏறிவிட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. சந்து வழியாகப் போனபோது கண்ணில் பட்டது. அந்தச் சந்தில் எனக்கு வேலை எதுவும் இல்லைதான்.

ஆடிப் பதினெட்டை ஒட்டிய ஞாயிறு அன்று யார் காய் நீளம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் போட்டி. தோற்றவன் குற்றாலம் ஐந்தருவியில், சீசன் கூட்டம் முழுக்கப் பார்த்திருக்க, ஜெயித்தவன் முதுகில் எண்ணெய் தேய்க்கவேண்டும். ஒன்பது வருஷமாக நான்தான் தேய்க்கிறேன். அவர் முதுகில் எங்கே மரு, எங்கே தழும்பு என்பது அவர் பெண்சாதி ஞானபாக்கியத்தைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

சாவதற்குள் ஒரே ஒரு தடவை அந்த ஆள் என் முதுகைத் தேய்க்கவேண்டும். வேறு ஆசை கிடையாது. இருந்த மற்ற ஆசைகளையெல்லாம் பல்லோடு விட்டுவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பிஞ்சு விட்டிருக்கிறது. நுனியில் கல் கட்டினேன். கட்டாவிட்டால் புடலங்காய் பாம்பு மாதிரிச் சுருண்டுகொள்ளும். கல்லைத் தேர்ந்தெடுக்க அரை நாள் ஆயிற்று. கோமதியம்மாள், என் வீட்டுக்காரி, "எனக்குத் தாலி எடுக்கக்கூட இம்புட்டு நேரம் பாக்கல" என்றாள். உண்மைதான்.

அளவுச் சட்டத்தையும் எழுதி வைக்கச் சொன்னேன். முதல் வருஷம் அவர் டேப்பால் அளக்கலாம் என்றார். தையல்காரர் டேப்பை நம்ப நான் என்ன மடையனா? முழம்தான் என்றேன். ஆனால் அவரவர் காயை அவரவர் அளந்தால் விரலை மடக்கிக்கொண்டு முழத்தைக் குறைக்கிறோம், காய் நீண்டுவிடுகிறது. இரண்டு பேரும்தான் மடக்கினோம். அதனால் எதிராளியின் கைதான் அளக்கவேண்டும், அதுவும் வலது கை, காயைக் கொடியிலிருந்து அறுக்காமல் அளக்கவேண்டும் என்று சட்டம் போட்டேன்.

போட்ட பிறகுதான் கவனித்தேன். அந்த மனிதருக்குக் கை நீளம். அவர் முழம் போட்டால் என் காய் குறைகிறது. என் குட்டைக் கை முழம் போட்டால் அவர் காய் கூடுகிறது. நானே போட்ட சட்டத்தை நானே எப்படி மாற்றச் சொல்வது? மானம் இருக்கிறதே.

ஜூலை 11, வெள்ளி

காய் தரையைத் தொடப் பார்க்கிறது! பந்தலுக்குக் கீழே குழி வெட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

குழியில் விழுந்துவிட்டேன்.

காயை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். வலது முன்கை எலும்பு முறிந்தது. காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் முதலில் கேட்டேன். கோமதியம்மாள் சொன்ன பதிலை எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வைத்தியர் உளுந்தமாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். முழங்கையில் தொடங்கி, விரல் நுனியையும் தாண்டி, ஒரு கரண்டிக்காம்பு போல நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் படக் கூடாதாம். உளுந்து வாசனைக்கு எறும்பு வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜெயித்தேன்.

(செண்பகவல்லி: மாமா இதைச் சொல்லிவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டு வந்தார்.)

நடந்ததைச் சொல்கிறேன். அருமைநாயகம் சர்ச் முடிந்து நேரே என் கொல்லைக்கு வந்தார். சாட்சிக்கு டீக்கடை மந்திரமூர்த்தி, கூட வேலையற்ற நாலு பேர். என் காயை அவர் முழம் போட்டார். மூன்றே முக்கால். என் பந்தலில் இதுவரை காய்த்ததில் இதுதான் பெரிது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பிறகு எல்லோரும் அவர் கொல்லைக்குப் போனோம். அவர் காயைப் பார்த்தேன். யானைத் தும்பிக்கை மாதிரித் தொங்குகிறது. கையைத் தூக்கினேன். அப்போதுதான் மந்திரமூர்த்தி கூவினார்.

"அண்ணாச்சி, இந்தக் கட்டோட அளந்தா முழம் பெருசாப் போகும்லா? இடது கையால போடட்டும்."

அருமைநாயகம் தலையை ஆட்டினார். "வலது கைன்னு பேச்சு. இப்போ அவருக்கு வலது கை அதுதான்வே. அளக்கட்டும்."

"வே, உமக்குல்லா நட்டம்!"

"கையை ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்காரு மனுசன். இதுக்கு மேல என்னத்த நட்டம், லாபம்? நீரு போடும்வே."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையாலேயே அளந்தேன். மூன்றரை.

நாலு பேரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். கட்டுப் பிரித்தவுடன் ஐந்தருவியில் வந்து தேய்ப்பதாகச் சொன்னார். என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டார். வரும் வழியில் சொன்னது:

"ஒன்பது வருசம் தோத்தீரு. ஒருநாளாவது என் காயை அளக்கையில கையை நீட்டி, முழத்தைப் பெருசாக்கி இருப்பீரா? நான் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அதனாலதான்வே உம்மகூட வெளையாடுதேன்."

இதை எதற்கு இன்றைக்குச் சொன்னார்? நாளைக்குச் சொல்லக் கூடாதா?

ஆகஸ்ட் 4, திங்கள்

இட்லி இறங்கவில்லை. ஐந்துதான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அருமைநாயகம் தென்காசிக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து அவர் கொல்லைக்குள் நுழைந்தேன். திருடவில்லை. இடது கையால் ஒரு தடவை, எனக்கு மட்டும் தெரிய, அளந்து பார்த்துவிடலாம் என்றுதான். இடது கையால் மேலிருந்து கீழே அளக்க வரவில்லை, காய் ஆடுகிறது. ஆடாமலிருக்க மோவாயை வைத்து அழுத்தி, ஒரு காலையும் சுற்றிக்கொண்டேன்.

பின்னால் ஞானபாக்கியத்தின் குரல். "அண்ணாச்சி, காயைக் கெட்டிப்பிடிச்சுக்கிட்டு என்ன செய்யுதீக?"

"சும்மாதான் தங்கச்சி."

"அழுவுதீகளா?"

"இல்லை. காய்ச் சொணை கண்ணுல பட்டுட்டு."

நாலு முழம். அதற்கு மேலும் நாலு விரல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன். "நான் தோத்துட்டேன். இடது கையால அளந்தேன். அருமைநாயகம் காய்தான் பெருசு."

கூட்டத்தில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் புதிதாகச் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் அருமைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருவே உம்ம அளக்கச் சொன்னது? முடிஞ்சது முடிஞ்சதுதான். நீரு ஜெயிச்சீரு."

"நான் ஜெயிக்கல."

"ஜெயிச்சீருன்னு சொல்லுதேன்லா!"

"என்னைப் பிச்சைக்காரன்னு நெனைச்சீராவே?"

"குடுத்த ஜெயிப்பை வாங்கிச் சுருக்கி, நீட்டித் திருப்பிக் குடுக்க இது என்ன ஜாக்கெட்டா?"

டீக் கிளாஸ் ஒன்று உடைந்தது. என் கட்டுக் கைதான் தட்டிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பேச்சு இல்லை. என்னைக் கண்டால் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, பஞ்சர் பார்ப்பது போலக் குனிந்துகொள்கிறார். தோற்கமாட்டேன் என்று ஒருவன் சண்டை போட்டால் புரியும். ஜெயிக்கமாட்டேன் என்று நானும், ஜெயிக்கமாட்டேன் என்று அவரும். கோமதியம்மாள் கேட்கிறாள், "ரெண்டு பேரும் தோக்கணும்னா எதுக்குப் போட்டி? நான் ஒருத்தி இருக்கேன்லா, ரெண்டு காயையும் கூட்டு வெச்சிருப்பேனே?"

அவர் பஞ்சர் பார்க்கும் சைக்கிளில் பஞ்சரே இல்லை. எனக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கட்டுப் பிரித்தாயிற்று. எண்ணெய்க் கிண்ணம் எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன். தோற்றவன் தேய்ப்பதுதானே முறை? அவர் வந்தால் பிடித்து உட்காரவைத்துத் தேய்த்துவிடுவது என்று திட்டம்.

பார்த்தால், அவரும் கிண்ணத்தோடு நிற்கிறார்.

"உக்காரும்வே" என்றார்.

"நீரு உக்காரும்."

உட்காரவைக்க என் தோளைப் பிடித்தார். நான் நழுவி அவர் பின்னால் போனேன். அவர் சுற்றித் திரும்பினார். நான் மறுபடி பின்னால் போனேன். ஒருவர் முதுகை ஒருவர் பிடிக்க, கோவணத்தோடு இரண்டு கிழவர்கள் வழுக்குப் பாறையில் வட்டம் சுற்றினோம். குளிக்க வந்தவர்கள் அருவியை விட்டு வந்து எங்களைப் பார்த்தார்கள். ஒரு மலையாளத்துக்காரர் இது என்ன பூஜை என்று அங்கே குளிக்க வந்திருந்த மந்திரமூர்த்தியிடம் கேட்டாராம்.

கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வழுக்கி உட்கார்ந்தோம். எண்ணெய் பாறைக்குப் போயிற்று. அவர்தான் முதலில் சிரித்தார். இந்த வருஷம் யாரும் ஜெயிக்கவில்லை என்று அங்கேயே பேசி முடித்தோம். அப்படியே எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

3-ஆம் தேதியில் "ஜெயித்தேன்" என்று இருப்பதை அடித்துவிடவா என்று செண்பகவல்லி கேட்டாள். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன்.

1959 ஆகஸ்ட் 2, ஞாயிறு

போன வருஷ டைரியில் பக்கம் மிச்சமிருக்கிறது. இன்று அளவு நாள். இந்த வருஷம் என் காய் நாலு முழத்தைத் தாண்டிவிட்டது என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

காலையில் குற்றாலத்துக் குரங்குக் கூட்டம் எங்கள் ஊர் மேலகரத்துக்கு இறங்கிவிட்டது. கூரைமேல் தடதடவென்று சத்தம். அருமைநாயகமும் ஞானபாக்கியமும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டிக் கிடக்கும், கொல்லையில் ஆள் இல்லை. பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வேட்டி வழியிலேயே அவிழ்ந்தது. ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு, அவர் பந்தலடியில் நின்று தட்டினேன், கத்தினேன், குரங்குகளுக்கு அவற்றின் தாய் தகப்பனைப் பற்றியெல்லாம் சொன்னேன்.

சர்ச் முடிந்து அவர்கள் வந்தபோது தொண்டை கட்டிவிட்டது. அவர் பந்தலில் ஒரு பிஞ்சுகூடப் போகவில்லை.

பின்னாலேயே கோமதியம்மாள் மூச்சிரைக்க வந்தாள். "நம்ம கொல்லையில ஒண்ணு மிச்சமில்லை. பெரிய காயை ஒரு கடுவன் குரங்கு தோளுல போட்டுக்கிட்டுப் போவுது. ஊரான் காய்க்குக் காவலு நிக்குத மூஞ்சியப் பாரு!"

அருமைநாயகம் என்னைப் பார்த்தார். "என்னவே இது" என்றார்.

"நகரும், அளக்கணும்" என்றேன்.

வலது கை இப்போது கொஞ்சம் கோணல்தான், ஆனால் முழம் சரியாகத்தான் இருக்கிறது. நீட்டாமல், மடக்காமல், மேலிருந்து நிதானமாகப் போட்டேன். நாலரை வந்தது. நாலரை! அங்கேயே கத்தினேன், குரல் வரவில்லை. மந்திரமூர்த்தியிடம் நானே ஓடிப்போய் விரலைக் காட்டிச் சொன்னேன்.

இப்படி ஒரு காயை நான் பார்த்ததே இல்லை.