சிங்கத்தின் கண்ணுக்குக் கீழே

அன்புத் தங்கைக்கு,

சமாதானம் பேச இதை எழுதவில்லை.

எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை அப்பாவுக்குக் கொடுத்த பழைய குத்துவாள் என்னிடம்தான் இருக்கிறது, உன்னிடம் இருப்பது நகல் என்று நிரூபிக்கத்தான் ஊட்டிக்குப் போனேன். அங்கே பழம்பொருள் கடை வைத்திருக்கும் நௌஷாத்திடம் என்னுடையதைக் கொடுத்தேன். உன் மகள் அனுப்பியிருந்த உன் குத்துவாளின் படத்தையும் போனில் காட்டினேன்.

என் குத்துவாளின் கைப்பிடியில் இருக்கும் சிங்கத் தலையில், இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்னக் குழி. உன்னுடையதிலும் அதே இடத்தில் அதே குழி.

"வார்க்கும்போது விழுந்த குமிழிங்க அக்கா. நெசமாலுமே பழசுன்னா கை பிடிச்ச எடம் தேஞ்சிருக்குமுங்க. இது ரெண்டும் ஒரே அச்சுல வார்த்த புதுசுங்க. துருகூட ஆசிட் ஊத்தி வரவெச்சதுங்க" என்றார்.

கடையிலேயே சிரித்துவிட்டேன். "அசல் உனக்குத்தான் கண்ணு, அவகிட்டச் சொல்லாதே" என்று குத்துவாளைக் கொடுக்கும்போது அப்பா என் காதில் சொன்னார். உன்னிடமும் அப்படித்தானே சொன்னார்? அதை நம்பித்தானே அவரை அடக்கம் செய்த அன்றே சண்டை போட்டோம்?

நடுவட்டம் பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உன்னுடையதையும் கொண்டு வா. இரண்டையும் அப்பா படத்துக்குக் கீழே மாட்டுவோம். மனுஷன் ஓரவஞ்சனை செய்யவே இல்லை.

உன் அக்கா