நாளைக்கு யார் விற்பார்கள்?

என் செல்லத் தம்பி குமரேசா,

நீ போனபிறகு நம் ஊர் அடி அண்ணாமலையில் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். கிரிவலம் வரும் பௌர்ணமிக் கூட்டம் பெருகிவிட்டது. லாட்ஜ் கட்ட நிலம் கேட்டுப் புரோக்கர் ஒருவன் நடையாய் நடக்கிறான்.

நம் பங்குக் கிணற்றை நம்பித்தான் கோவிந்தன், சலீம் பாய், நான் மூவரும் மல்லாட்டைப் பயிர் போடுகிறோம். மோட்டார் படுத்தால் மூவரும் சேர்ந்துதான் ரிப்பேர் செய்வோம். அவர்கள் இருவரும் விற்றுவிட்டால் நான் ஒருத்தி என்ன செய்வேன்?

"கோவிந்தன் ஒத்துக்கினாருங்க. கடைசி ஆளா நின்னா அடிமாட்டு விலைதாங்க" என்றான் புரோக்கர். மறுநாள் கோவிந்தனிடமே போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஒத்துக்கினேன்னு இல்ல அவன் சொன்னான்? அதான் நானும் குடுத்துடலாம்னு இருந்தேன்."

சலீம் பாயிடமும் இதே கதை. விற்க யாருக்கும் மனசில்லை. அடுத்தவர் விற்பார் என்ற பயத்தில் எல்லாரும் விற்கத் தயார். கோவிந்தன் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை. அவர் மட்டும் என்னை நம்பியிருப்பாரா?

விலைவாசியைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்தபோது சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு விலை ஏறும்னு எல்லாரும் நெனச்சா இன்னைக்கே ஏறிடும்க்கா. ஏறாதுன்னு நெனச்சா ஏறாது. ரெண்டுமே கணக்குல சரிதான்."

"அப்ப எதுடா நடக்கும்?"

"அத கணக்கு சொல்லாது."

"இத படிக்கவா மெட்ராஸ் வரைக்கும் போனே?" என்று சிரித்தேன். நீ கோபப்படவில்லை. இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று ஆக வேண்டுமென்றால், என்ன ஆனாலும் நான் இப்படித்தான் செய்வேன் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதை ஊர் நம்பவும் வேண்டும் என்றாய். ஊர் நம்பிவிட்டால் அவர் அதைச் செய்துகாட்டும் அவசியமே வராதாம். வெறும் பேச்சுக்கு அவ்வளவு பலமா? அன்று நான் அதையும் நம்பவில்லை.

இன்று என்னையே நான் நம்பவில்லை. நாளைக்கே புரோக்கர் வந்து இன்னும் கொஞ்சம் மிரட்டினால் தலையாட்டிவிடுவேனோ என்னவோ. நீ இல்லாமல் பயமாக இருக்கிறதடா.

அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்கு முன்னால் வைக்காமல் உள்ளூர் மாத இதழுக்கு அனுப்புகிறேன். டீக்கடையில் கோவிந்தன் படிப்பார், பாய் படிப்பார், அந்தப் புரோக்கரும் படிப்பான். எல்லாரும் விற்றாலும், கிணறே வற்றினாலும், நம் நிலத்தை நான் விற்க மாட்டேன். இந்த வாக்கை மீறினால் நீ வந்து கேட்க மாட்டாய். இவர்கள் கேட்பார்கள்.

உன்கூடப் பிறந்தவள்,
அக்கா தனலட்சுமி