பூஜ்யம் மட்டும் சரி

மார்ச் 3
எழுபத்தொன்பது. மனசுக்கான மாத்திரை தொடங்கி ஏழு மாதம், ஒன்பது கிலோ ஏறிவிட்டது. எண்பதைத் தொட்டால் மாத்திரையைத் தூக்கி எறிவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. துவைத்தே சுருக்கிவிட்டாள் என்று மனைவியைத் திட்டினேன். அதை வாங்கி மடித்து வைத்தாள்.

மார்ச் 5
மருத்துவமனையில் நர்ஸ் எடைமெஷினில் ஏறச் சொன்னாள். எடை சரி என்று அரசு குத்தும் முத்திரை அதில் காலாவதியாகியிருந்தது. இருபது வருஷமாகத் தராசு பழுது பார்ப்பவன் அதில் ஏறுவேனா? "என் வீட்டு மெஷின்ல எழுபத்தொம்பது, அதையே எழுதிக்குங்க" என்றேன். டாக்டர், "பரவாயில்ல, இதையே தொடருங்க. கொஞ்சம் நடங்க" என்றார். மாத்திரை பசியைக் கிளப்பும், உடம்பு கொழுப்பை எரிப்பதையும் குறைக்கும் என்று சொன்னதும் இதே வாய்தான். நடக்கணுமாம்!

மார்ச் 9
சாப்பிட்ட அரைமணியில் மறுபடி பசி பிடுங்குகிறது. மச்சான் வந்தான். "மாப்ள நல்லா பூரிச்சிட்டாரு!" கொழுப்பு அவன் வாயில்தான்.

மார்ச் 12
எண்பது. நாளையோடு மாத்திரைக்கு முழுக்கு. போன வருஷம் நிறுத்தியபோது மொட்டைமாடியில் – வேண்டாம், அதை எழுத மாட்டேன்.

மார்ச் 13
நிறுத்துமுன் சரியான எடை வேண்டுமே என்று கடையிலிருந்து இருபது கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து வீட்டு மெஷினில் வைத்தேன். பதினெட்டு புள்ளி இரண்டு!

ஆள் இறங்கினால் பூஜ்யம் காட்டுகிறது. தினமும் அதை மட்டும்தான் பார்த்தேன். கல்லை வைத்துப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன் நான். மெஷினை மாற்றி வைக்கத் தெரிந்த கை இந்த வீட்டில் இன்னொன்றுதான். மனைவிக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் நானே.

கத்தினேன். அவளும் கத்தினாள். "எண்பதத் தொட்டா எறிவேன்னு சொன்னது யாரு? போன தடவை மாதிரி மாடிச் சுவத்துலேர்ந்து உங்கள இழுத்துப் போட இனிமே என்னால முடியாதுங்க!"

மாத்திரையைப் போட்டேனா? போட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 14
துரோகி.

மார்ச் 16
மருத்துவமனையில் அந்த முத்திரை காலாவதியான மெஷினிலேயே ஏறினேன். எண்பத்தெட்டு. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா போன தடவையே மாத்தியிருப்பேனே? எப்படித் தப்பாச்சு?" ரத்தப் பரிசோதனை எழுதினார். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதற்கு மாற அட்டவணை கொடுத்தார்.

பக்கத்தில் அவள் தலை குனிந்திருந்தாள். போட்டுக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"மெஷின் கோளாறு டாக்டர். நான்தான் கவனிக்கல" என்றேன்.

வீட்டுக்கு வந்து கல்லை வைத்து மெஷினைச் சரிசெய்தேன். கோபம் போகவில்லை. அவள் நீட்டிய மாத்திரையை அவள் எதிரிலேயே விழுங்கினேன்.