கழியளவு நிழல்

ஜான்ஜியாங்
20 ஜனவரி 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் செம்பனும் நலமா? வசந்த விழாவுக்கு வர முடியாது. ரயிலில் மட்டும் ஆறு நாள், விடுமுறையோ எட்டு நாள்.

இங்கே தென்கோடியில் தை மாதத்திலும் வாழை பழுக்கிறது. நேற்று வகுப்பில் டார்ச் விளக்கை நேராகவும் சாய்த்தும் காட்டினேன். சாய்த்தால் வெளிச்சம் நீண்டு மங்குகிறது. ஐம்பத்து மூன்று பாகை வடக்கில் இருக்கும் நம் ஷாங்வானுக்கு அந்த மங்கல்தான் கிடைக்கிறது என்றேன். ஒரு மாணவி, "டீச்சர், அப்ப உங்க ஊருக்கு மிச்ச வெயில்தான் வருமா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

ஓர் உதவி. இடுப்பளவு கழி ஒன்றை முற்றத்தில் நட்டு, நண்பகலில் நிழலை அளந்து எழுதுங்கள். வகுப்புக்கு வேண்டும்.

உங்கள் மகள்
சுவேலிங்

ஷாங்வான்
14 பிப்ரவரி

மகளே சுவேலிங்,

கடிதம் கிடைத்தது. விழாவுக்கு ஒற்றை ஆளாகக் கொழுக்கட்டை பிடித்தேன். பாதியைச் செம்பன் தின்றது. குதிரைக்கு முட்டைக்கோஸ் பூரணம் பிடிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

நிழல் இரண்டேகால் கழி. நான் குனிந்து அளப்பதைப் பார்த்துக் கடைக்காரர் சுன், "என்னய்யா தேஷுன், சூரியனுக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று ஊரைக் கூட்டிவிட்டார். "எம் பொண்ணு டீச்சர், கேட்டிருக்கா. உன் பொண்ணு என்ன கேட்டா?" என்றேன்.

தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு. ஆறு உறைந்து கல் மாதிரி இருக்கிறது. செம்பனைப் பூட்டி, தபால் பையோடு பத்து நாளுக்கு ஒருமுறை ஆற்றின் மேல் லியென்கோவுக்குத் தவறாமல் போய்வருகிறேன்.

அப்பா

ஷாங்வான்
13 மார்ச்

மகளே,

பதில் இல்லையே, வேலை அதிகமா?

நிழல் ஒன்றரைக் கழி. காற்று ஆற்றின் மேலிருந்த பனித்தூளை வாரிக்கொண்டு போய்விட்டது. கீழே கறுப்பாகப் பளபளக்கிறது, முகம் பார்க்கலாம். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்தைத் தாண்டி இருக்கும்வரை ஆற்றில் வண்டி ஓட்டலாம். முப்பது வருஷமாக அதுதான் என் கணக்கு.

அப்பா

ஜான்ஜியாங்
25 மார்ச்

அன்புள்ள அப்பா,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். முப்பது வருஷம் ஆற்றின் மேல் வண்டி ஓட்டியவருக்கு நான் புத்தி சொல்வதா என்று கை வரவில்லை.

நிழல் வகுப்புக்காக இல்லை. உங்களுக்காகத்தான் கேட்டேன்.

தெர்மாமீட்டர் நம் வடக்குச் சுவரில், நிழலில் தொங்குகிறது. அது காற்றின் குளிரைத்தான் சொல்லும். வெயில் காற்றோடு நிற்பதில்லை. பனித்தூள் போன கறுப்புப் பனிக்கட்டிக்குள் இறங்கி, உள்ளுக்குள் இழை இழையாகப் பிரித்துவிடும். மேலே கனம் குறையாது, பலம் போய்விடும். வைகாசியில் ஆறு உடையும் என்று நாம் சொல்கிறோம். அதற்கு வெகுநாள் முன்பே அது ஏமாற்றத் தொடங்கிவிடும்.

கழியும் நிழலும் ஒரே அளவாகும் நாளில் வெயில் பாதி வானம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் அது ஏப்ரல் 12. அதற்குப் பிறகு, குளிர் எவ்வளவு இருந்தாலும், ஆற்றில் இறங்காதீர்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

சுவேலிங்

ஷாங்வான்
14 ஏப்ரல்

மகளே,

நேற்று முன்தினம் கழியும் நிழலும் சரிசமம்! தரையில் படுத்து இரண்டு முறை அளந்தேன். வகுப்பில் சொல், பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

வசந்த விழாவுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மற்ற வண்டிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பை லியென்கோவில் கிடக்கிறது. "படகு விடட்டும், பொறு. பொண்ணு கடுதாசி ஊசியா போயிடும்?" என்கிறார் சுன். படகுக்கு இன்னும் ஒரு மாதம். அந்தப் பையில் உன் கடிதம் நிச்சயம் இருக்கும் என்று மனம் சொல்கிறது. காலையில் இன்னும் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு.

கரையோரம் பனிக்கட்டி ஊசி ஊசியாக உதிர்கிறது. கண்ணாடி வளையல் உடைவதுபோல் சத்தம். நீ பார்த்தால் ரசிப்பாய். செம்பன்தான் இறங்க முரண்டு பிடிக்கிறது, வயதாகிவிட்டது.

நாளை விடியுமுன் புறப்படுகிறேன். லியென்கோவில் மதியச் சாப்பாடு, பிறகு பையோடு திரும்பல். இந்தக் கடிதத்தையும் அங்கேயே போடுகிறேன்.

அப்பா

ஜான்ஜியாங்
1 மே

அப்பா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. உறையில் லியென்கோ முத்திரை, ஏப்ரல் 15. அதை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன். போகும்போது ஆறு உங்களைத் தாங்கியிருக்கிறது.

அஞ்சலகத்துக்குத் தந்தி கொடுத்தேன். "பை பெற்றுக்கொண்டு மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டார். ஆறு திறக்கும்வரை ஷாங்வானுக்கு வழியில்லை" என்று பதில். உங்களுக்கு நேராகத் தந்தி அடிக்கலாம் என்றால், அதையும் லியென்கோவிலிருந்து நீங்கள்தானே எடுத்துப் போக வேண்டும்.

என் கடிதம் அந்தப் பையில்தான் இருந்தது, அப்பா. மதிய வெயிலில், உங்கள் முதுகுக்குப் பின்னால்.

பிப்ரவரியிலேயே நான் எழுதியிருக்கலாம்.

வேறு எதுவும் எழுத வேண்டாம். என்னைத் திட்டவும் வேண்டாம். முற்றத்தில் அந்தக் கழி இன்னும் நிற்கும். இன்று அதன் நிழல் முக்கால் கழிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், நான் கணக்குப் போட்டுவிட்டேன். இருந்தாலும் நீங்களே ஒருமுறை குனிந்து அளந்து, அந்த அளவை மட்டும் எழுதுங்கள்.

சுவேலிங்