பனிமூட்டத்தில் ஒரு சரவெடி

ஜனவரி 5
இன்றும் பனி இல்லை. ஊரே மார்கழிக் குளிரில் தும்முகிறது, எங்கள் திருவொற்றியூர்க் கரையில் மட்டும் பளீரென்று வெயில். அடுத்த வருடக் காலண்டருக்குப் பனி மூடிய கடற்கரை வேண்டும் என்று வண்ணாரப்பேட்டை அச்சகக்காரர் எபினேசர் கேட்டிருக்கிறார். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தே ஓய்ந்துபோன எனக்கு முதல்முறையாக ஒரு நல்ல வேலை. விடுவேனா?

ஜனவரி 7
வெள்ளையாகத் தெரிந்ததென்று ஓடினேன். யாரோ குப்பை கொளுத்தியிருக்கிறார்கள்.

ஜனவரி 8
கொஞ்சம் பனி இருந்தது. கேமராவைத் தூக்கியதும் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் வந்து வரிசையாக நின்று தலை வாரிக்கொண்டார்கள். "யக்கா, மூஞ்சி நல்லா தெரியுமா?" நான் கரையை எடுக்கிறேன் என்றால் யார் கேட்கிறார்கள்? அவர்களை எடுத்து முடிப்பதற்குள் பனி போயே போச்சு.

ஜனவரி 10
வீட்டுக்காரரோடு சண்டை. "நாளைக்காவது பனி நல்லா கொட்டணும்" என்றேன், வாய் சும்மா இல்லாமல். சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார்.
"படகை எடுத்துகினு நானு கடலுக்குப் போறேன். நீ இன்னாடான்னா பனி கொட்டணும்னு வேண்டிகினு கீற."
ஜி.பி.எஸ். வைத்திருக்கிற மனுஷன். ஒரு படத்துக்கு இவ்வளவு பேச்சா?

ஜனவரி 11

விடியுமுன் என்னிடம் சொல்லாமலே கடலுக்குப் போய்விட்டார். விடிந்தால் பனி, எதிர்வீடு தெரியாத பனி. சந்தோஷமாகத்தான் ஓடினேன். கரையில் பெண்கள் கூடி நின்றார்கள். மற்ற படகுகள் வந்தாயிற்று, இவருடையது மட்டும் இல்லை. போன் எடுக்கவில்லை. ஜி.பி.எஸ். கரையைக் காட்டும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கற்கள் எங்கே முடிகின்றன என்று காட்டுமா? அதில் மோதினால் ஃபைபர் படகு தாங்காது.

மாமியார் பவுனம்மாள் தீபாவளியில் மிஞ்சிய சரவெடிகளைக் கொண்டுவந்தார். "சத்தம் கேட்டா உதயா இந்தாண்ட வருவான். கொளுத்துமே." கொளுத்தினேன். இன்னொன்று. இன்னொன்று. கேமராவை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை.

ஒருவழியாக இன்ஜின் சத்தம். படகு மணலில் ஏறுமுன்பே தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.
"யாரு? யாரு செத்தது?"
எங்கள் குப்பத்தில் தீபாவளியை விட்டால் சாவுக்குத்தான் சரவெடி. எனக்கு அது தோன்றவே இல்லை.
"யாரும் சாவலய்யா. உனக்குத்தான் வெடிச்சோம், வழி தெரியட்டும்னு."
"உனுக்குன்னு நெனச்சிகினே வந்தேன்மே. சண்ட போட்டுட்டு வந்தனே" என்று ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.
நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இந்த மனுஷன் அங்கே எனக்குப் பாடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

ஜனவரி 20
மறுபடியும் பனி. "போமே, போய் எடு. இன்னிக்கி நான் கடலுக்குப் போவல" என்றார்.
போனேன். அழகாகத்தான் இருந்தது. பனிக்குள் எங்கோ யாருடைய படகோ உறுமிக்கொண்டிருந்தது. கேமராவைத் தூக்காமல், அது வந்து சேரட்டும் என்று நின்றேன். சேர்ந்தபோது பனி கலைந்து, வெயில் வந்துவிட்டது.