பட்டியலில் இல்லாத ஈரமரம்

இன்று காலை உன் தங்கை பீடோங்கிலிருந்து போன் செய்தாள். உன் முதல் வருடத் திவசத்துக்கு வருகிறவர்களிடம் காட்ட, நம் நாடகக் குழுவின் இணையப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னாள். கோப்பைத் திறந்தேன். நீ எழுதிய 'ஈரமரம்' நாடகத்தின் தலைப்பு நடுவில் இன்னும் வெறும் சாய்ந்த எழுத்தாகவே இருந்தது. பசியாற உட்கார்ந்தவள் அப்படியே எழுந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தை நாம் இருவரும் கூலிம் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில்தான் கட்டினோம். மடிக்கணினி என்னிடம், பழைய நாடக நோட்டீஸ்கள் உன்னிடம். நீ தலைப்பைப் படிப்பாய், நான் தட்டுவேன். ஆரம்பத்தில் எழுத்து சாய்ந்தால் போதும் என்று தலைப்புகளை, எழுத்தைச் சாய்த்துக் காட்டச் சொல்லும் i என்ற குறிச்சொல்லுக்குள் போட்டேன். முதலில் போட்டது உன்னுடையதைத்தான். ஒரு வாரம் கழித்து, படைப்பின் தலைப்புக்கென்றே cite என்று வேறொரு குறிச்சொல் இருப்பதை எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதானே தெரிகிறது என்று அலுத்துக்கொண்டேன்.

"பாக்குறவங்களுக்கு ஒண்ணுதான்லா. கம்ப்யூட்டருக்கு i வெறும் சாஞ்ச எழுத்து, cite ஒருத்தர் எழுதுன நாடகம்," என்றாய்.

சரியென்று மாற்ற ஆரம்பித்தேன். குழுத் தலைவரின் நாடகங்களை முதலில் மாற்றினேன். ஒன்றை விட்டாலும் கூட்டத்தில் கத்துவார். பாதியிலேயே திரையை இறக்க வேண்டி வந்த அவர் மைத்துனரின் நாடகத்துக்குக்கூட cite போட்டேன். உன்னுடையதைக் கடைசிக்கு வைத்தேன். நீ என்ன, சண்டைக்கா வரப்போகிறாய்? அப்புறம் மறந்தே போனேன்.

குழு ஆண்டு மலர் போட்டபோது, மேடையேறிய நாடகங்களின் பட்டியலைக் கடைசிப் பக்கத்துக்குக் கேட்டார்கள். cite-க்குள் இருப்பதையெல்லாம் பொறுக்கி எடுக்கக் கம்ப்யூட்டரிடம் சொன்னேன். ஒரு நிமிட வேலை. சரிபார்க்காமல் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

நீ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாய். மலரை நானே பெருமையாகக் கொண்டுவந்தேன். கடைசிப் பக்கத்தில் உன் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. மறுபடியும் மேலே போய் இறங்கியது. i-க்குள்ளேயே கிடந்த 'ஈரமரம்' அங்கே இல்லை. நீ எழுதியது ஒரே ஒரு நாடகம். மழையில் ரப்பர் மரம் நனைந்து, பால் வெட்ட முடியாமல் போன ஒரு நாளைப் பற்றியது. தோட்டத்துக் கோயில் மேடையில் அதைப் போட்டபோது உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அழுதார்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கே. எனக்கு மட்டும் நேரமில்லாம போச்சாடி?" என்று கேட்டாய்.

கம்ப்யூட்டர் கோளாறு என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். அந்தக் குறிச்சொல்லை எனக்குச் சொன்னவளே நீதான். மலரை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பு என்றாய். நானும் கிளம்பினேன். மறுவாரம் போய்விட்டாய்.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் உன்னைக் குழுவின் நல்ல ரசிகை என்றார். மலரின் கடைசிப் பக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிப் பேசினார். ரசிகையாம். எழுந்து மறுத்திருக்க வேண்டியவள் நான். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று ஒருவழியாக i-யை எடுத்துவிட்டு cite போட்டேன். சேமித்து, பக்கத்தை மறுபடி திறந்தேன். எழுத்து முன்பு எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. அச்செடுத்துக் கொடுத்தால் உன் தங்கை நன்றி அக்கா என்பாள், அந்த நன்றியை நானும் வாங்கிக்கொள்வேன். உன்னிடம் சொன்ன பொய் மட்டும் அப்படியே என்னிடம் இருக்கிறது. அதைத் திருத்திச் சொல்லலாம் என்றால், கேட்க நீ இல்லை.