கோணல்கால் குட்டியும் வாளித் தண்ணீரும்

உபதேசியாரே,

குட்டி ஈன்ற நாயின் பால்வாடை கொட்டகை முழுக்க நிற்கிறது. இந்த வாடை வந்தால் உம் ஞாபகமும் வந்துவிடும். கடைசிக் குட்டிக்கு முன்கால் கோணல். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது.

எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும். தேறாத குட்டியைத் தாய் பழகுவதற்குள் தண்ணீரில் அமுக்கிவிடுவோம். அப்படிப் பொறுக்கி எடுத்த சிப்பிப்பாறை வம்சம் என்பதால்தான், என் நாய் மணியாச்சி ரயிலை முந்திப் போய் ஸ்டேஷனில் ஒரு தூக்கமும் போட்டது. நீர் நம்பவில்லை, சிரித்தீர்.

உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தன, அந்த மாற்றமே கடவுளின் கைவேலை என்று ஒரு ஞாயிறு ஜெபக்கூடத்தில் பேசினீர். பாதிக் கூட்டம் எழுந்து போனது. ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கோ குஷி. எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான், விஞ்ஞானிகள் சொன்னதை வாளியை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேனே!

"பாத்தீரா, வலுத்தது நிக்கும், இளைச்சது போவும். நீரே சொல்லிட்டீரு. இதுல பாவம் எங்கவே வந்துச்சு?" என்று மறுநாள் இந்தக் கொட்டகைக்கு வந்த உம்மிடம் கேட்டேன்.

"கோடையும் நோயும் கொல்லுது. அதுக்கு யோசனை கெடையாது. உமக்கு இருக்குல்லா?"

"அந்த யோசனையும் மிருகத்துட்டேருந்து வந்ததுதான? அப்போ அது எப்படி என்னுதாகும்?"

"கை காலும் பாட்டன் குடுத்ததுதான். கெணத்துல விழுந்தா எந்தப் பக்கம் நீந்தணும்னு பாட்டனா வந்து சொல்லுவான்?"

கயத்தாறு சந்தையில் பத்துப் பேரை ஒற்றை ஆளாய் வாயடைக்க வைத்தவன், விடுவேனா? அப்போதுதான் போலியோவில் சூம்பிய உம் காலை நீட்டிக் காட்டினீர். "நான் உம்ம கொட்டகையில பொறந்திருந்தா என்னவே செஞ்சிருப்பீரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர். நான் நாயைப் பிடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன். பதில் சொல்வதற்குள் நீரும் போய்விட்டீர். உம் சவப்பெட்டியை நான் ஒருவனே தோளில் சுமந்தேன் என்று ஊரில் சொல்லி வருகிறேன். தூக்கிய மற்றவர்கள் கோபிக்கிறார்கள்.

இன்று காலை தம்பி மகன் எட்டிப் பார்த்தான். "என்ன பெரியப்பா, இன்னும் அமுக்கலையா? தாய் பழகிரும்லா."

"பொறுலே. எனக்கே சொல்லித் தாரியா?"

குட்டியை வாளிக்கு மேலே பிடித்தேன். என் மணிக்கட்டை அது முலை என்று நினைத்துச் சப்பியது. கை இறங்கவில்லை. தாயிடமே கொண்டுபோய் விட்டேன். இப்போது குடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரை முருங்கைக்கு ஊற்றப் போகிறேன்.

ஆனால் நெஞ்சு ஆறவில்லை, உபதேசியாரே. இன்று கையை நிறுத்தியது நானேதான் என்றால், இதுவரை அமுக்கியதும் நானேதான் என்றாகிறது. வம்சம், வழக்கம், இயற்கை என்று எதன் பின்னாலும் ஒளிய முடியாது. அதனால், குட்டியைக் காப்பாற்றியது நீர்தான் என்று ஊரில் சொல்லப்போகிறேன். என் கதைகளில் ஒரு நல்ல காரியத்தை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுப்பது இதுதான் முதல் தடவை.

ஊர் நம்பிவிடும். நீர் சிரிப்பீர்.